எலும்பை ஒட்டி நடக்கும் கத்தி

நம் ஊர்க் கறிக்கடைகளில் புளியமரக் கட்டையின்மேல் கனத்த கத்தி விழும் ஓசையைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, எலும்போடு சேர்த்துத் துண்டிப்பதே இயல்பான முறையாகவும், எலும்பைக் களைவதற்கென்று மெல்லிய கத்தி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது ஆடம்பரமாகவும் தோன்றுவதில் வியப்பில்லை. நல்லியும் நெஞ்செலும்பும் சேராத குழம்புக்கு ருசி ஏது என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. ஆனால் சுக்காவுக்கோ கைமாவுக்கோ தனிக்கறி வேண்டும்போதும் அதே கனத்த கத்தியைக் கையாளுவதால், தொடையெலும்பில் சதை தங்கிப்போவதையும், தெறித்த எலும்புச் சில்லு உண்பவர் பல்லில் அகப்படுவதையும் பிரத்தியட்சமாகக் காண்கிறோம். ஆகவே, எலும்பு நீக்கும் கத்தியின் குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

இதன் அலகு பெரும்பாலும் 13 முதல் 15 சென்டிமீட்டர் நீளமும், ஒடுங்கிய அகலமும், கூரிய முனையும் உடையது. ஆட்டுத் தொடையொன்றில் இதன் முனையை எலும்பின்மேல் படியவைத்துச் சிறுசிறு இழுப்பாக நகர்த்தினால், அலகு எலும்பை உரசும் மெல்லிய ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்கும்வரை சதை வீணாகவில்லை என்று பொருள். மூட்டை அடைந்ததும் பலத்தைக் காட்டாமல், பந்துபோன்ற எலும்புத் தலையைப் பற்றியிருக்கும் வெண்ணிற நாரை முனையால் அறுத்துவிட்டால், மூட்டு தானே திறந்துகொள்கிறது. சீனத்தின் பழைய நூலான சுவாங் ட்சுவில் வரும் சமையற்காரனின் கத்தி, 19 ஆண்டுகள் மாடுகளை அறுத்தும் புதிதுபோலவே இருந்ததற்கு, மூட்டுகளின் இடைவெளியில் மட்டுமே அவன் அதைச் செலுத்தியதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

மெலிவினால் வரும் இந்தச் சாமர்த்தியமே இக்கத்தியின் குறைக்கும் காரணமாகிறது. எலும்பை வெட்டவோ உறைந்த இறைச்சியைப் பிளக்கவோ முற்பட்டால் இதன் விளிம்பு சிதறிவிடும். வளைந்து கொடுக்கும் அலகு கோழிக்கும் மீனுக்கும் உகந்ததாயினும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் பயன்படுத்துகையில் வழி தவறிக் கையைப் பதம் பார்க்கக்கூடும். ஆதலால், கனத்த இறைச்சிக்கு விறைப்பான அலகையும், ஈரக்கை வழுக்கி அலகின்மேல் போய்விடாதபடி தடுப்புள்ள பிடியையும் தேர்ந்தெடுப்பதே விவேகம். கார்பன் எஃகு எளிதில் கூராகும், எளிதில் துருவும் ஏறும், குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு, ஈரம் மாறாத சமையலறைக்கு ஏற்றது. ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை கடினமுள்ள அலகு, மிகக் கடினமானவற்றைப்போல் எலும்பில் பட்டதும் சில்லாக உதிராமல் சற்றே மடங்கும். மடங்கிய விளிம்பைத் தீட்டுகோலில் நாலைந்து முறை இழுத்து நிமிர்த்திவிடலாம்.

இங்கேதான் நம்முடைய அலட்சியம் தலைகாட்டுகிறது. தீட்டுகோல் விளிம்பை நிமிர்த்துமேயன்றி, தேய்ந்த கூரை மீட்டுத் தராது. அதற்குச் சாணைக்கல்லே வேண்டும். விளக்கொளியில் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்தால், மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். நன்கு தீட்டிய விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது. வேலை முடிந்தவுடன் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவித் துடைத்து உறையிலிடாமல், எச்சிற் பாத்திரங்களோடு தொட்டியில் போட்டுவைத்தால் உயர்ந்த எஃகும் கெடும். பிடியின் விரிசலில் கொழுப்புத் தங்கி நோய்க்கும் இடமாகும்.

குழம்புக்கு வெட்டும் கனத்த கத்தியின் ஸ்தானத்தை இது பறிக்க வேண்டியதில்லை. இரண்டும் தத்தம் வேலையைச் செய்யட்டும். விலையுயர்ந்த கத்தியை வாங்கி மழுங்கவிடுபவரைக் காட்டிலும், சாதாரணக் கத்தியை வேலைக்கு முன் தீட்டி, வேலைக்குப் பின் துடைத்துவைப்பவரே நல்ல தனிக்கறி பெறுவார். மழுங்கிய கத்தி அதிக அழுத்தத்தைக் கேட்கும். அழுத்திய கை வழுக்கினால் வெட்டுப்படுவது விரலே. ஆதலின் கத்தி வாங்கும் அன்றே சாணைக்கல் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.