'மனிதாபிமானம்' என்ற தலைப்பு

இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு 2011 ஆகஸ்டில் வெளியிட்ட போர் அறிக்கையின் பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. அந்தத் தலைப்பைத்தான் நாம் விமர்சிக்கப் புகுகிறோம்.

அச்சொல் திருகோணமலை மாவட்டத்தில் பிறந்தது. 2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர். மக்களே மூடினர் என்றும் சொன்னார்கள். உழவரின் வயலுக்கு நீரில்லை. மதகைத் திறக்கப் புறப்பட்ட படையெடுப்புக்கு அரசு மனிதாபிமானம் என்று பெயர் சூட்டிற்று. நல்ல பெயர்தான்! ஆகஸ்டில் மதகு திறந்தது; போர் 2009 மே வரை நிற்கவில்லை.

அதே ஆகஸ்டு 4ஆம் நாள், மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் ஊழியர் 17 பேர் தம் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். மனிதாபிமானப் பணி என்றால் அவர்கள் செய்ததல்லவா? எவரும் தண்டிக்கப்படவில்லை.

அமைச்சின் சொல்லை ஐயுற இத்துறைமுக நகரத்தாருக்கு முன்பே காரணமிருந்தது. 2006 ஜனவரி 2ஆம் நாள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் மாண்டபோது, அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. பிரேதப் பரிசோதனை காட்டியதோ துப்பாக்கிக் காயங்களை. வழக்கில் நிறுத்தப்பட்ட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

பொதுமக்கள் எவரும் சாகவில்லை என்று தலைவர்கள் சாதித்ததை அறிக்கை சற்றே தளர்த்துகிறது: உயிரிழப்பைத் தவிர்க்க இயலவில்லையாம். எத்தனை உயிர் என்று தேடிப் பக்கங்களைப் புரட்டினோம், எண் இல்லை.