திரும்பி வரும் சபுராளி: மூன்று மலையாளத் திரைப்படங்களை முன்வைத்து

‘சபர்’ என்னும் அரபுச் சொல் பயணத்தைக் குறிக்கும். தமிழகத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களில் அது பொருள் தேடிக் கடல் கடந்து செல்வதற்குரிய சொல்லாயிற்று. அவ்வாறு செல்பவர் ‘சபுராளி’ ஆனார். இச்சொல் வழங்கும் முறையைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். புறப்படுபவர் சபுராளி, அங்கே உழைத்துக்கொண்டிருப்பவர் சபுராளி, இரண்டு மாத விடுமுறையில் பெட்டிகளோடு வந்து இறங்குபவரும் சபுராளியே. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதுமையில் ஊரோடு வந்து தங்கிவிட்டவரைக் குறிக்க நம்மிடம் தனிச்சொல் இல்லை. ‘சபரை முடித்துக்கொண்டு வந்துவிட்டார்’ என்ற ஒரு வாக்கியத்தால் அவரைக் கடந்து சென்றுவிடுகிறோம்.

சொல்லில் உள்ள இந்த வெற்றிடம் கலை இலக்கியத்திலும் இருக்கிறது. பிரிவுக்கு நம்மிடையே பாட்டுண்டு, கடிதமுண்டு, கதையுண்டு. மலபாரின் எஸ்.ஏ. ஜமீல் 1970களில் இயற்றிப் பாடிய துபாய்க் கத்துப் பாட்டு, கணவனைப் பிரிந்த பெண்ணின் கடிதமாகவும் அதற்கு அவன் எழுதும் மறுமொழியாகவும் அமைந்து பெரும் புகழ் பெற்றது. தமிழில் நாகூர் ஆபிதீன் போன்றோர் வளைகுடா வாழ்வை எள்ளலும் வலியும் கலந்து எழுதியுள்ளனர். எனினும் முதுமையில் நிகழும் நிலையான திரும்புதல், பொதுவாக நம் எழுத்துகளின் கடைசிப் பக்கத்துக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறது.

இப்பொருளை நேரே எதிர்கொண்ட முயற்சிகளுள் கேரளத்தின் மூன்று திரைப்படங்கள் குறிப்பிடத்தக்கவை: பி.டி. குஞ்ஞுமுஹம்மது இயக்கிய ‘கர்ஷோம்’ (1999), ‘பரதேசி’ (2007), சலீம் அஹமது இயக்கிய ‘பத்தேமாரி’ (2015). மலபாரும் நம் கரையும் ஒரே வளைகுடாவுக்கு ஆள் அனுப்பியவை. ஒரே வகைக் காத்திருப்பை அறிந்தவை. எனவே அப்படங்கள் எதைக் கண்டன, எதைக் காணாமல் விட்டன என்று மதிப்பிடுவது நம்மைப் பற்றிய மதிப்பீடாகவும் அமையும்.

திரும்புதலைச் சுருக்கிச் சொல்வது இன்று தோன்றிய வழக்கமன்று. இப்னு பதூதா 1325இல், தம் இருபத்தோராம் வயதில், தாய் தந்தையர் இருவரும் உயிரோடிருக்கத் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்டார். டில்லியில் காழியாக இருந்தார். மலபாரையும் மாலத்தீவையும் மதுரை சுல்தானின் அவையையும் கண்டார். 1348இல் டமாஸ்கஸுக்கு மீண்டபோதுதான், தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அறிகிறார். மறு ஆண்டு சொந்த ஊரை எட்டுவதற்குள் தாயையும் கொள்ளைநோய் கொண்டுபோய்விடுகிறது. எத்தனையோ நாடுகளின் உணவையும் உடையையும் விரித்துரைக்கும் அவரது ரிஹ்லா, இவ்விரு இழப்புகளையும் மிகச் சுருக்கமாகக் கடக்கிறது. தாயின் கப்றைக் கண்டபின் அவர் அந்தலூசுக்கும், பின்னர் மாலிக்கும் புறப்பட்டுவிடுகிறார். பயண இலக்கியம் பயணத்தையே விரும்புகிறது; வாசற்படியில் அதன் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆயினும் இங்கே ஒன்றை மறத்தலாகாது. அந்நூல் உண்டானதே அவர் திரும்பி வந்ததால்தான். மரீனிய சுல்தான் அபூ இனான், கண்டவற்றைச் சொல்லுமாறு பணித்தார். அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். 1355இல் நூல் நிறைவெய்தியது. கேட்க ஒருவரும் எழுத ஒருவரும் வாய்த்திராவிட்டால், ஊர் திரும்பிய எத்தனையோ பயணிகளுள் ஒருவராகவே இப்னு பதூதாவும் மறைந்திருப்பார். ‘என்ன கொண்டுவந்தாய்?’ என்று கேளாமல் ‘என்ன கண்டாய்?’ என்று கேட்ட அந்த வினாவை நாம் இக்கட்டுரை முழுவதும் நினைவில் கொள்ளவேண்டும்.

வளைகுடாவிலிருந்து திரும்புதலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் முன்னோருள் பலர் அங்கே குடியுரிமை பெற்று அந்த மண்ணிலேயே அடங்கினர். வளைகுடா நாடுகளில் அந்த வாயில் பொதுவாகத் திறக்கப்படவில்லை. இருப்பு வேலையோடும் வேலை கஃபீலோடும் பிணைக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்தால் இருப்பும் முடிந்தது. அமீரகம் அண்மைக் காலத்தில் ஓய்வுபெற்றோருக்கென்று தனி விசா வழங்கினாலும், சொத்தோ பெருஞ்சேமிப்போ உயர்ந்த வருமானமோ உடையவருக்கே அது எட்டும். குவைத் 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், 60 வயதை எட்டிய, பட்டப்படிப்பில்லாத அயல்நாட்டவருக்கு வேலை அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2022இல் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் விதித்து அதைத் தளர்த்தியது. ஆயுளெல்லாம் உழைத்த தையற்காரரும் சமையற்காரரும் கடைச் சிப்பந்தியும் இத்தகைய ஆணைகளின் முன்தான் தம் வயதை அறிகின்றனர். நாள் பார்த்துத் தீர்மானித்துத் திரும்புவோர் சிலரே. மற்றவர்களுக்குத் திரும்புதல் என்பது, உடல் தளரும் வேளையில் வேறொருவர் எழுதும் தீர்ப்பாகவே வந்து சேர்கிறது.

‘கர்ஷோம்’ அத்தீர்ப்புக்குப் பின் நிகழ்வதைப் பேசுகிறது. முரளி நடித்த நாஸருத்தீன் வளைகுடாவிலிருந்து திரும்பி, விட்டுச்சென்ற இடம் தமக்காகக் காத்திருக்கவில்லை என்று கண்டுகொள்கிறார். படத்தின் பெயரே அதன் கருத்துரை. தவ்ராத் மரபில் கர்ஷோம் என்பது, மூஸா நபி மத்யனில் அயலாராக வாழ்ந்தபோது பிறந்த மகனுக்கு அந்நிலையைக் குறித்து இட்ட பெயர். இயக்குநர் அப்பெயரைப் பிறந்த ஊருக்கு மீண்டவனுக்குச் சூட்டுகிறார். வெளிநாட்டில் அயலானாதல் எதிர்பார்த்ததே. சொந்த முற்றத்தில் அயலானாதலை எப்படிப் பெயரிட்டு அழைப்பது என்பதே படம் எழுப்பும் வினா. இவ்வினாவை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பியது படத்தின் பெருமை. எனினும் நாஸருத்தீன் இன்னும் உழைக்கும் வயதினர். ஆகையால் படத்தின் கவலை பெரிதும் பிழைப்பைச் சுற்றியே அமைகிறது. இனி உழைக்க இயலாதவர் திரும்பும்போது ஊர் அவரை எவ்வாறு அளக்கும் என்பது அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

அவ்வெல்லையைக் கடப்பது ‘பரதேசி’. நாட்டுப் பிரிவினைக்கு முன் பிழைப்புக்காகக் கராச்சி சென்ற மலபார்க்காரர் வலியகத்து மூஸாவின் நெடுங்கதை அது. கராச்சி அன்று பம்பாயைப் போல இன்னொரு நகரம். அங்கே செல்வது நாடு மாறுவது ஆகாது. கோடு பின்னர் வந்தது. 1952இல் இருநாடுகளுக்கிடையே கடவுச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, வீடு திரும்ப விரும்பியவர்களுட் பலர் கையில் கிடைத்த பாகிஸ்தான் கடவுச்சீட்டோடு வந்தனர். பிறநாட்டுக் கடவுச்சீட்டைப் பெற்றதே அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்கு முடிந்த முடிபான சான்று என்று 1956ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகள் கூறின; உச்ச நீதிமன்றம் 1962இல் அவ்விதியைச் செல்லும் என்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தேநீர்க்கடைத் தொழிலாளி ஊர் சேர்வதற்காக வாங்கிய தாள், அவனை ஆயுள் முழுவதும் அயல்நாட்டவனாக்கிவிட்டது.

மோகன்லால் இளமை முதல் தள்ளாத முதுமை வரை மூஸாவாகத் தோன்றி, அவ்வாண்டின் கேரள அரசு விருதைப் பெற்றார். அவருக்கு முதுமையை வரைந்த பட்டணம் ரஷீதின் ஒப்பனை தேசிய விருது பெற்றது. நம்மைக் கவர்வது விருதினும் வேறொன்று. முதியவர் மூஸாவின் உடலில் அச்சம் ஒரு பழக்கமாகப் படிந்திருக்கிறது. பிறந்த வீட்டிலேயே காவலர் வருகைக்குச் செவிகொடுத்து வாழும் ஒருவருக்கு ஊரின் மொழியும் உண்டு, உறவும் உண்டு. தாள் ஒன்றே இல்லை. ஊர் ஏற்றும் அரசு ஏற்காத திரும்புதல் இது. இங்கே பழி முழுவதையும் அரசின்மேல் வைப்பதற்கு இயக்குநருக்கு நியாயமுண்டு. ஆனால் அந்நியாயம் ஒரு விலையையும் கேட்கிறது: அடக்குமுறைக்கு ஆளானவர் என்பதைத் தவிர மூஸாவின் முதுமைக்கு வேறு உள்ளடக்கம் அருகிவிடுகிறது.

மூன்றாவதான ‘பத்தேமாரி’ பரவலாகப் பாராட்டப்பட்டது. சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. மம்மூட்டி நடித்த பள்ளிக்கல் நாராயணன் 1960களில் தாள் ஏதுமின்றிப் பாய்க்கலத்தில் ஏறி அமீரகக் கரை சேர்ந்த தலைமுறையினர். ஊரில் நிலைத்துவிடும் ஆசை இருந்தும் வீட்டின் தேவைகள் அவரை மீண்டும் மீண்டும் கடலுக்கு அப்பால் அனுப்புகின்றன. இறுதியில் ஊர் திரும்புவது அவரது உடல். சதம் சதமாகச் சேர்த்தவர் பிறர் கண்ணுக்குச் செல்வந்தராகவே தென்படவேண்டிய கொடுமையை இப்படம்போல் நுட்பமாகச் சொன்னவை அரிது.

இங்கேதான் நமக்கு ஒரு மறுப்பும் எழுகிறது. பார்வையாளர் கண் கலங்கி எழுகின்றனர், அக்கண்ணீர் உண்மையானதே. ஆயினும் மையித்தாகத் திரும்புபவரிடம் நமக்குச் சங்கடம் இல்லை. அவர் எதையும் கேட்பதில்லை. உயிரோடு திரும்புபவர் ஓர் அறை கேட்கிறார். சர்க்கரை நோய்க்கு மருந்து கேட்கிறார். மகளின் நிக்காஹ் பேச்சில் ஒரு சொல் கேட்கிறார். வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். தியாகியாக்கிப் போற்றுவது எளிது. உடன் வாழ்வது அரிது. ‘பத்தேமாரி’ எளியதைச் செம்மையாகச் செய்தது; அரியதை அடுத்தவருக்கு விட்டுவைத்தது.

அந்த அரியதன் நடுவே நிற்பவர் மனைவி. இரண்டாண்டுக்கொரு முறை இரண்டு மாத விடுமுறை என்று கொண்டால், முப்பது ஆண்டுச் சபரில் கணவனும் மனைவியும் ஒன்றாக வாழ்ந்த காலம் முப்பது மாதமே. எஞ்சிய இருபத்தேழரை ஆண்டுகள் அவள் தனியே வீட்டை நடத்தியிருக்கிறாள்: கடன் வாங்கினாள், அடைத்தாள், கொத்தனாரிடம் கணக்குப் பார்த்தாள், பிள்ளைகளைக் கரையேற்றினாள், மாமனார் மாமியாரை அடக்கம் வரை பேணினாள். இனி அந்த வீட்டுக்கு நிலையாக வந்து சேர்பவர், தாம் குடும்பத்தலைவர் என்றும் தலைமை தமக்காகக் காத்திருக்கிறது என்றும் நம்புகிறார். இருவரும் பிழை செய்தவரல்லர், இருவரும் களைத்தவர். இவ்விருவரும் அறுபதாம் வயதில் புதிதாகப் பழகத் தொடங்குவதைவிடப் பெரிய நாடகம் வேறு உண்டா? மூன்று படங்களிலும் பெண் காத்திருப்பவளாகவோ துணை நிற்பவளாகவோ தோன்றுகிறாள். ஆட்சி செலுத்தியவளாக, அதைப் பங்கிடவேண்டிய நிலைக்கு ஆளானவளாகத் தோன்றவில்லை. பிரிவில் அவளுக்குக் கத்துப் பாட்டு ஒரு குரலைத் தந்தது. மீட்சியில் அக்குரலை யாரும் கேட்கவில்லை.

மீண்டும் ‘கர்ஷோம்’ என்ற பெயருக்கு வருவோம். மத்யன் வரலாறு அயன்மையோடு முடிவதில்லை. எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து ஆண்டு என்று பேசிக்கொண்ட உழைப்புத் தவணையை மூஸா நபி நிறைவேற்றியதையும், பின்னர் குடும்பத்தோடு புறப்பட்டதையும், அந்தப் பயணத்தில்தான் தூர் மலைப்பக்கம் நெருப்பைக் கண்டதையும் திருக்குர்ஆனின் கஸஸ் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அழைப்பு வந்தது தவணை முடிந்து திரும்பும் வழியில். குஞ்ஞுமுஹம்மது ஒரு படத்துக்கு மத்யனில் பிறந்த மகனின் பெயரையும் அடுத்ததன் நாயகனுக்கு மூஸா என்ற பெயரையும் இட்டார். இது தற்செயலாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் அவர் எடுத்துக்கொண்டது அவ்வரலாற்றின் முற்பாதியை மட்டுமே. திரும்பும் வழி ஒரு தொடக்கமாகவும் இருக்கக்கூடும் என்ற பிற்பாதி, நம் கலைகளில் இன்னும் எழுதப்படவில்லை.

தொடக்கம் என்று நாம் கூறுவது புதிய வணிகத்தையன்று. அரசுகள் அத்திசையில் சில செய்து பார்த்தன. இந்திய அரசு 2012இல் கொண்டுவந்த மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி நிலைகொள்வதற்கான சேமிப்பையும் உள்ளடக்கியிருந்தது. சேர்ந்தவர் மிகச் சிலராதலின் 2017இல் கைவிடப்பட்டது. கேரளம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அயலகத் தொழிலாளருக்கு நலவாரியமும் ஓய்வூதியமும் அமைத்தது. இவை தேவையே. ஆனால் ஓய்வூதியத்தால் நிறையாத ஒன்று உண்டு. திரும்பி வந்தவர் மூன்று நான்கு மொழிகளைச் செவிவழி கற்றவர்; பாலைநிலம் நகராவதைக் கண்ணால் கண்டவர்; ஒரே அறையில் பல நாட்டினரோடு படுத்தெழுந்தவர்; பலமுறை ஏமாற்றப்பட்டும் ஏமாற்றாமல் வாழ்ந்தவர். தொலைந்துபோன பிரவாசிகளைத் தேடும் ‘பிரவாசலோகம்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் குஞ்ஞுமுஹம்மது பல ஆண்டுகள் நடத்தினார். காணாமற்போனவரைத் தேட ஒரு மேடை கிடைத்தது. வந்து சேர்ந்தவரை விசாரிக்க இன்னும் கிடைக்கவில்லை.

1970களில் கடல் கடந்த தலைமுறை இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் எழுதப்படாத ஒரு ரிஹ்லா மண்ணுக்குள் போகிறது. நம் ஊர்களில் கல்லூரிகள் உண்டு, மதரஸாக்கள் உண்டு, எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் உண்டு. திரைப்படம் எடுக்க ஆகும் பொருட்செலவு இதற்கு வேண்டியதில்லை. அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் தனியே அமர்ந்திருப்பவரிடம், அவர் வீட்டில் அவருக்கு எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம், அபூ இனான் கேட்டதைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். அவ்வெழுத்து பெருகும்போது, முதுமையில் திரும்பி வந்தவருக்கு ஒரு பெயரையும் நம் மொழி தானே கண்டுகொள்ளும்.