பீடிகையும் பாத்திரமும்: மணிமேகலையின் தீவுக்கதைகளில் உரிமைப் போட்டி

ஆய்வுச் சுருக்கம்

மணிபல்லவத் தீவிலுள்ள பீடிகைக்காக நாக மன்னர் இருவர் போரிட்ட நிகழ்ச்சியைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை கூறுகிறது. அதனைப் பொதியில் மலைச்சாரலில் நிகழும் காயசண்டிகை கதையோடு இணைத்துப் படித்து, உடைமை என்னும் கருத்தைக் காப்பியம் எவ்வாறு கையாள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, மணிபல்லவம், பொதியில், காயசண்டிகை, அமுதசுரபி, உடைமை.

முன்னுரை

கற்பனைத் தீவுக்கூட்டம் ஒன்றை வரைபடமாக விரித்து, அதனைக் கைப்பற்றப் பல அரசுகள் மோதுவதாக அமைப்பது இன்றைய பாத்திரமேற்பு விளையாட்டுகளில் பெரிதும் விரும்பப்படும் கதைக்களமாகும். சாண்டில்யனின் 'கடல் புறா' போன்ற வரலாற்றுப் புதினங்களிலும் கீழைக்கடல் தீவுகள் பேரரசுகளின் போட்டிக்களமாகவே வருகின்றன. இவற்றில் தீவு ஒரு பரிசு. அது யாருக்கு என்பதே வினா. மணிபல்லவம், நக்க சாரணர் வாழும் நாகர் மலை, சாவகம் எனக் கடல்கடந்த நிலங்களை அடுக்கும் மணிமேகலையோ அவ்வினாவையே இடம்பெயர்த்து விடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

'எமது' என்னும் சொல்

மணிபல்லவத்துத் துயருற்ற காதையின் இறுதியில், நாகநாட்டு மன்னர் இருவர் பீடிகையைத் தமதெனக் கூறிப் படையொடு பொருகின்றனர். இருவராலும் அதனைப் பெயர்க்க இயலவில்லை; பற்றும் நீங்கவில்லை. அப்போது புத்தர் தோன்றிப் போரை நிறுத்துமாறு பணித்து, அதில் அமர்ந்து அறம் உரைக்கிறார். மன்னர் சொன்ன 'எமது' என்னும் அதே சொல்லையே புத்தரும் சொல்வது இங்குக் கருதத்தக்கது.

இதே நிகழ்ச்சியைப் பாலி மொழியிலமைந்த மகாவம்சமும் கூறுகிறது. அங்கு மன்னர்கள் மகோதரன், சூலோதரன் எனப் பெயர் பெற்ற மாமனும் மருமகனுமாவர். போர் குடும்ப உரிமை பற்றியது. புத்தர் இலங்கைக்கு வந்த மூன்று வருகைகளுள் ஒன்றாக அந்நிகழ்ச்சி அமைந்து, தீவின் புனிதத்திற்குச் சான்றாகிறது. சாத்தனார் மன்னரின் பெயரையும் உறவையும் கூறவில்லை. உரிமை வழக்கின் விவரங்கள் நீங்கியபின் எஞ்சுவது பற்று மட்டுமே.

எனினும் புத்தரின் 'எமது' பற்றற்றது என்று எளிதில் முடிவு கட்டுதல் இயலாது. பிற சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டு விலக்கும் காதையைத் தன்னகத்தே கொண்ட நூல் இது. மன்னரின் உரிமையை விலக்கிச் சமயத்தின் உரிமையை நிறுவுவதாகவும் இக்காட்சியைப் படிக்கலாம். பீடிகையோடு நின்றுவிட்டால் இந்த ஐயம் தீராது. எனவே, அதே தீவில் கிடைக்கும் அமுதசுரபியை நோக்க வேண்டியுள்ளது.

பொதியிலில் ஒரு கனி

பொதிகை அடிவாரத்தில், தாமிரபரணி சமவெளியில் இறங்கும் இடம் பாபநாசம். அருவியும் பாறையும் மணல்திட்டும் அடுத்தடுத்து அமைந்த அந்நிலத்தைக் கண்டவர்க்குக் காயசண்டிகை கதையின் களம் அயலாகத் தோன்றாது. நூல் ஆற்றின் பெயரைச் சுட்டவில்லை. அருவிநீர் கொழித்த மணலையுடைய கான்யாறு என்ற அளவில் நிற்கிறது.

வடதிசையிலிருந்து கணவன் காஞ்சனனோடு பொதியில் காண வந்த விஞ்சை மகள் காயசண்டிகை, விருச்சிக முனிவன் தேக்கிலையில் வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கனியும் அதுவே அம்முனிவனின் உணவு. அத்தனை ஆண்டுகளும் ஆனைத்தீ நோயால் வருந்துமாறு அவன் சபிக்கிறான். தீவில் ஓர் இருக்கைக்காகப் படைகள் மோதின. மலையில் ஒரு கனி அழிந்தமைக்கு ஒரு பெண் பன்னிரண்டு ஆண்டுகள் பசிக்கிறாள். இழப்பு சிறிதாயினும் உடைமையின் சினம் சிறிதாவதில்லை.

உரிமையாளரற்ற பாத்திரம்

மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், சாவகம் நோக்கிச் செல்லும் வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். உண்பாரில்லாத இடத்தில் அப்பாத்திரத்தால் பயனில்லை எனக் கருதிக் கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணா நோன்பில் உயிர் துறக்கிறான். வற்றாத உணவைக் கையில் வைத்திருந்தவன் தனக்கென அதனைப் பயன்படுத்தவில்லை. உடைமை என்பதற்குக் காப்பியம் தரும் மாற்று இலக்கணம் இதுவே: பெறுவோர் இல்லையேல் உடையவனும் இல்லை.

அப்பொய்கையிலிருந்து மணிமேகலை கைக்கு வந்த பாத்திரம், புகாரில் காயசண்டிகையின் பசியைத் தணிக்கிறது. பொதியிலில் தோன்றிய நோய்க்கு மணிபல்லவத்தில் மருந்து அமைந்திருப்பது தற்செயலன்று. பீடிகை பெயர்க்க இயலாதது. பாத்திரமோ கைமாறிக்கொண்டே இருப்பது. முன்னது போட்டியை நிறுத்துகிறது. பின்னது போட்டிக்கே இடமின்றிச் செய்கிறது.

தீராத போட்டி

இத்தீர்வு எங்கும் வெற்றி பெறுவதாகவும் சாத்தனார் காட்டவில்லை. உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகை வடிவம் கொள்கிறாள். மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் அவ்வடிவத்தைத் தன் மனைவியெனக் கருதி, இரவில் உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். இருவரும் உரிமை கோரிய பெண் இருவர்க்கும் உரியவளல்லள். மணிபல்லவப் போரின் அமைப்பு இங்கு மீண்டும் வருகிறது; ஆனால் நிறுத்துவோர் இல்லை. காயசண்டிகையும் ஊர் சேரவில்லை. விந்தமலையைக் கடக்கையில் விந்தாகடிகையின் வயிற்றில் அடங்குகிறாள். பசி தீர்ந்தது, உடைமையின் விளைவு தீரவில்லை.

முடிவுரை

1898இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பு வெளிவந்த பின்னர், மணிபல்லவம் எது என்னும் வினா ஆய்வாளரைத் தொடர்ந்து ஈர்த்துள்ளது. நயினாதீவே அது என்பாரும் மறுப்பாரும் உளர். பொதிகையும் அவ்வாறே. பாபநாசம் கோயில் அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக்காட்சி அருளிய தலமாகப் போற்றப்படுகிறது. வீரசோழியமோ அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகக் கூறுகிறது. இடங்களை அடையாளம் காணும் ஆய்வு தேவையானதே. ஆயினும் ஆய்வின் முடிவு 'இது எமது' என்பதாக மட்டும் அமையுமாயின், நாம் அந்நாக மன்னரின் நிலையிலேயே நிற்கிறோம். பீடிகையை வைத்துப் படிக்கப்பட்ட காப்பியத்தைப் பாத்திரத்தை வைத்தும் படிக்க வேண்டும். அவ்வாறு படிக்கும்போது, தீவு யாருடையது என்பதைவிட அங்கிருந்து வந்தது யாருடைய பசியைத் தணித்தது என்பதே முதன்மை பெறும்.