பகையும் காதலும்: ஆங்கிலக் காதற் புதினங்களில் ஒரு கதைப்போக்கு

காதற் புதினம் என்றவுடனே முகஞ் சுளிக்கும் புலவர் பலர். ஆயினும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் பெரிதும் விற்பனையாகும் புனைகதை வகைகளுள் அஃது ஒன்று. பல்லாயிரவர் விரும்பிப் படிப்பதனைப் படியாமலே இகழ்தல் திறனாய்வு ஆகாது. அவ்வகையுள்ளும் இந்நாளில் பெருவழக்காய் இருப்பது ஒரு தனிக் கிளை: தொடக்கத்தில் ஒருவரையொருவர் வெறுக்கும் இருவர் முடிவில் காதலராகின்றனர். அம்முடிவு முதற் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது; தெரிந்திருந்தும் படிப்போர் சலிப்பதில்லை. இச்சுவை யாண்டுப் பிறக்கிறது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

தமிழ் பயின்றார்க்கு முதற்கண் நினைவிற்கு வருவது ஊடல். மருதத்தின் உரிப்பொருளாக நம் இலக்கணம் கொண்டது அதனையே. வள்ளுவரும் காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களையும் (131, 132, 133) அதற்கே வகுத்தார். ஆகவே இப்புதினங்களையும் ஊடற் கதைகள் என்று கூறி அமைந்துவிடத் தோன்றும். அது பொருந்தாது. ஊடல் அன்பிற்குப் பின் நிகழ்வது. உரிமை உடையவள் அவ்வுரிமை பற்றியே சினக்கிறாள். இப்புதினங்களிலோ பகை அன்பிற்கு முன் நிற்கிறது. சினப்பவருக்குச் சினக்கப்படுபவர்மேல் உரிமை ஏதும் இல்லை. இவ்வேறுபாடு சிறிதன்று. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

பமேலா ரீஜிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட தம் நூலில், காதற் புதினத்தின் இன்றியமையாக் கூறுகளுள் ஒன்றாகத் தடையைக் குறித்தார். காதலர் கூடுவதைத் தடுப்பது ஏதேனும் இல்லையெனில் கதை இல்லை. முற்காலத்தில் அத்தடையைப் பெற்றோரும் பொருளும் குலமும் தந்தன. இன்று அந்நாடுகளில் மணக்க விரும்பும் இருவரைப் புறத்தே நின்று தடுப்பன மிகக் குறைவு. எனவே தடையை நெஞ்சினுள்ளேயே நிறுத்தவேண்டிய நிலை ஆசிரியர்க்கு வருகிறது; அதற்குப் பகை வாய்ப்பாகிறது. இவ்விளக்கம் மெய்யே. ஆயினும் ஆசிரியர் ஏன் பகையை நாடுகிறார் என்பதை இது கூறுமேயன்றிப் படிப்பவர் ஏன் மகிழ்கிறார் என்பதைக் கூறாது.

அதனைக் காணச் சேன் ஆசுடின் 1813இல் வெளியிட்ட ‘செருக்கும் தப்பெண்ணமும்’ என்னும் புதினத்தை நோக்கவேண்டும். ஆடலரங்கில் டார்சி தன்னைக் குறைத்துப் பேசியதை எலிசபெத்து தன் செவியாலேயே கேட்கிறாள். அன்று விழுந்த வித்து நெடிது வளர்கிறது. நூலில் 61 அதிகாரங்கள் உள்ளன. 34ஆம் அதிகாரத்தில் அவன் தன்னை மணக்குமாறு கேட்க, அவள் கடிந்து மறுக்கிறாள். 35ஆம் அதிகாரத்தில் அவன் ஒரு கடிதம் தருகிறான். அடுத்த அதிகாரம் முழுதும் அவள் அதனைப் படிக்கிறாள். படித்ததையே மீண்டும் படிக்கிறாள். நூலின் நடுவிடம் காதற்காட்சி அன்று. ஒரு பெண் தனியே நின்று கடிதம் படிக்கும் காட்சி! நடந்த நிகழ்ச்சிகள் எவையும் மாறவில்லை. அவற்றின் பொருள் மாறுகிறது. அவளோடு நாமும் முன்னைய பக்கங்களை நெஞ்சில் புரட்டி, விக்காமின் இனிய பேச்சில் நாம் எவ்வாறு மயங்கினோம் என்று நாணுகிறோம். ஒரு செயலையே இருமுறை, இரு பொருளில் படிக்கும் இன்பம் இது. பகை காதலாகும் கதைகளின் கவர்ச்சி பெரும்பாலும் இதுவே என்பது எம் துணிபு.

ஈண்டு ஒன்றைக் குறிப்பிடாமல் செல்லுதல் தவறாகும். அக்கடிதம் டார்சியை முழுதும் விடுவிப்பதில்லை. விக்காம் பற்றிய பழி நீங்குகிறது. ஆனால் எலிசபெத்தின் தமக்கையை அவளை விரும்பியவனிடமிருந்து பிரித்த குற்றம் குற்றமாகவே நிற்கிறது. அதனை அவனே பின்னர்ச் செயலால் திருத்தவேண்டியிருக்கிறது. எலிசபெத்தும் தன்னைத் தானே நொந்துகொள்கிறாள். இருவரும் பிழைபட்டவர், இருவரும் திருந்துபவர்.

இனி இக்காலப் புதினம் ஒன்றைக் காண்போம். ஆசுத்திரேலியரான சாலி தோர்ன் 2016இல் வெளியிட்ட முதற் புதினம் ‘வெறுப்பு விளையாட்டு’ எனத் தமிழிற் கூறத்தக்கது. இரு பதிப்பகங்கள் ஒன்றாக இணைந்தமையால், லூசி, சோசுவா என்னும் இரு உதவியாளர் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசைகளில் அமரநேர்கிறது. ஒருவர் செய்வதை மற்றவர் அப்படியே செய்துகாட்டுவது ஓர் ஆட்டம். கண்ணிமையாது முறைப்பது மற்றோர் ஆட்டம். பின்னர் இருவரும் ஒரே பதவி உயர்வுக்குப் போட்டியிடுகின்றனர். அவன் எந்நாளில் எந்நிறச் சட்டை அணிவான் என்பதை லூசி பிறழாமல் அறிவாள். பகைவனை இத்துணை உற்று நோக்குவோர் யார்? அன்பர்கூட நோக்குவதில்லை. முகமன் கூறவேண்டிய கடமை இல்லாத ஒருவர் நம்மை முழுதும் அறிந்திருக்கிறார் என்பதில் ஓர் ஆழ்ந்த நிறைவு உண்டு. அதனை ஆசிரியர் நன்கு உணர்ந்திருக்கிறார். லூசி காய்ச்சலில் வீழ்ந்தபோது சோசுவா அருகிருந்து பேணும் பகுதி, எம் கருத்தில், நூலிலேயே சிறந்தது. முறைத்த கண்ணே விழித்திருந்து காக்கிறது.

ஆனால் கதை மேற்செல்லச் செல்ல ஓர் உண்மை வெளிப்படுகிறது. சோசுவா அவளை முதன்முதற் கண்ட நாளிலிருந்தே விரும்பியவன்; அவன் படுக்கையறைச் சுவரின் நிறமே அவள் கண்ணின் நிறம். அவ்வாறாயின் அவன் பக்கத்தில் பகை என்பது இருந்ததே இல்லை. வெறுப்பு லூசி தவறாகப் படித்த ஒரு பாடம் மட்டுமே. அன்பு முந்தியது, சினம் பிந்தியது என்றாகும்போது, ஊடலினின்று வேறானது என்று மேலே யாம் பிரித்த கதை, நாயகன் அளவில் ஊடலின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. பகையைக் காட்டி அழைத்துப் பகையே இல்லையென்று ஆறுதல் கூறி அனுப்பும் இப்போக்கினை இவ்வகைப் புதினங்கள் பலவற்றில் காணலாம்.

இதில் ஓர் இடர் உண்டு. சானிசு ராட்வே 1984இல் வெளியிட்ட தம் ஆய்வில், அமெரிக்க நடுமேற்குப் பகுதியின் ஊர் ஒன்றில் காதற் புதினம் படிக்கும் பெண்களோடு உரையாடிக் கண்டவற்றை எழுதினார். நாயகனின் தொடக்கக் கடுமையை, முடிவு தெரிந்தபின், மறைந்த அன்பின் அடையாளமாகப் பொருள் மாற்றிக் கொள்ளும் வழக்கத்தை அவர் விளக்கினார். யாம் இன்பம் என்று போற்றிய அதே மீட்டும் படித்தல், இங்குக் கொடுமைக்குச் சான்றிதழ் வழங்கும் கருவியாகிறது. 1972இல் வெளிவந்த காத்தலீன் வுட்டிவிசின் ‘தழலும் மலரும்’ என்னும் வரலாற்றுக் காதற் புதினத்தில் தொடக்கத்திலேயே நாயகன் நாயகியை வன்முறையாற் கெடுக்கிறான். பின்னர் அவனையே அவள் காதலிக்கிறாள். அதனைப் பகை காதலாயிற்று என்று கூறுதல் சொல்லைக் கெடுப்பதாகும். எதிர்த்து அடிக்க இயலாதவள் பகைவள் அல்லள், இரையாவாள்.

எனவே இக்கதைகளை அளக்க யாம் கேட்கும் வினாக்கள் எளியவை. எதிர்ப்பவர் இருவருக்கும் நிகரான வலிமை உண்டா? முன்னைய தீங்கு பின்னைய அன்பால் மறைக்கப்படுகிறதா, ஒப்புக்கொள்ளப்படுகிறதா? லூசி முதல் வினாவில் எளிதிற் தேறுகிறாள். அவள் நா சோசுவாவின் நாவிற்குச் சற்றும் இளைத்ததன்று. இரண்டாவதில் நூல் தடுமாறுகிறது. பதவிப் போட்டியே அவர்தம் பகைக்கு நிலைக்களன் ஆயிற்று. அதில் ஒருவர் வென்று மற்றவர் தோற்றபின் அன்பு என்னாகும் என்று காணவே படித்து வருகிறோம். ஆசிரியரோ நாயகனை வேறொரு பதிப்பகத்திற்கு அனுப்பிவிடுகிறார். எதிர் மேசை வெறிதாகிறது. வென்றவளும் தோற்றவனும் மறுநாட் காலையில் அதே அறையில் முகத்தோடு முகம் நோக்கி அமரும் அதிகாரம் அந்நூலில் இல்லை.