பறவைகளைப் பணயம் வைத்தவர்கள்: ‘2.0’ பற்றிய சில அபிப்பிராயங்களை முன்வைத்து

ஷங்கரின் ‘2.0’ வெளியானது 2018 நவம்பர் 29இல். படத்தைப் பற்றி அப்போது இங்கு எழுந்த அபிப்பிராயங்கள் இன்றுவரை பெரிதாக மாறிவிடவில்லை. அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. ஒரு படம் எம்மவரை ஏமாற்றும்போது எதனால் ஏமாந்தோம் என்று அவர்கள் சொல்லுகிறார்களோ, அதிலிருந்து அவர்கள் எதைக் கேட்டுப் போனார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஹியூஸ்ரன் நகரின் தென்மேற்கில் ஹில்குரோஃப்ற் வீதியை ஒட்டிய பகுதிக்கு 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயரிட்டார்கள். புடவைக்கடை, நகைக்கடை, இனிப்புக்கடை, சாப்பாட்டுக்கடை என்று நீளும் இடம். தமிழ்ப் படம் ஒன்றுக்கான தீர்ப்பு அங்கு தேநீர் ஆறுவதற்கு முன்பே சொல்லப்பட்டுவிடும். ‘2.0’க்குச் சொல்லப்பட்டவை ஏறக்குறைய இவைதான். முப்பரிமாணக் காட்சிகள் ஹொலிவூட்டுக்கு நிகர். கதை மெல்லியது. பாட்டு இல்லை. அக்‌ஷய் குமாரின் முன்கதை வரும்போது படம் படுத்துவிடுகிறது. ரஜனி குறைவு. 2010இல் வந்த ‘எந்திர’னில் இருந்த வேடிக்கை இதில் இல்லை, சுஜாதா இல்லாத குறை தெரிகிறது. (சுஜாதா 2008இல் காலமானார். ‘2.0’இன் வசனத்தில் ஷங்கரோடு பங்கெடுத்தவர் ஜெயமோகன். இலக்கியம் அறிந்த நண்பர்கள் இதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார்கள்.) 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாகச் சொல்லப்பட்ட படம் கொடுத்த காசுக்குத் தகுமா என்பதே எல்லோருடைய கணக்கும். கடைசியில் எல்லோரும், படத்தைத் திட்டியவர்கள் உட்பட, ஒரே இடத்தில் வந்து ஒன்றுபட்டார்கள்: “ஆனால் நல்ல கருத்துச் சொல்லியிருக்கிறார்கள்.”

எனக்கு உடன்பாடில்லாதது இந்த “ஆனால்”தான். வரைகலை எனக்கும் பிடித்தே இருந்தது. கைத்தொலைபேசிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஊர்ந்து, வீதியைப் போர்த்தி, பிரமாண்டமான பறவையாக எழும் காட்சி தமிழ்ச் சினிமாவில் அதுவரை நாம் காணாத கற்பனை. படம் தோற்பது அந்த “நல்ல கருத்தில்”தான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். பட்சிராஜன் என்ற முதிய பறவையியலாளர், தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சினால் பறவைகள் சாகின்றன என்று நம்புகிறார். மனுக் கொடுக்கிறார், முறையிடுகிறார், அமைச்சரிடமும் நிறுவனங்களிடமும் போகிறார். எங்கும் அவமானமே மிஞ்சுகிறது. கோபுரம் ஒன்றிலேயே தூக்கிட்டு இறக்கிறார். இறந்த பறவைகளின் சக்தியோடு அவருடைய சக்தியும் கலந்து, நகரத்தின் தொலைபேசிகளையெல்லாம் பறித்துக்கொண்டு பழிவாங்கத் தொடங்குகிறது. அவரை அடக்க, முன்பு தடைசெய்து பிரித்துப்போட்ட சிட்டி ரோபோவை அரசாங்கத்தின் சம்மதத்தோடு திரும்பவும் பொருத்துகிறார் விஞ்ஞானி வசீகரன்.

இதில் விஞ்ஞானம் எவ்வளவு? ஆவிக்கு ‘ஆரா’ என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு கமராவையும் காட்டிவிட்டால் ஆவி விஞ்ஞானமாகிவிடும் என்று படம் நம்புகிறது. இதைக்கூட மன்னிக்கலாம், விஞ்ஞானப் புனைவுக்குக் கொஞ்சம் பொய் சொல்ல உரிமையுண்டு. ஆனால் பட்சிராஜனின் குற்றச்சாட்டை எங்களை உண்மையாகவே நம்பச் சொல்கிறது படம். சிட்டுக்குருவியைக் காணோம், கோபுரம்தான் காரணம் என்கிறது. கோபுரக் கதிர்வீச்சு பறவைக்கூட்டங்களை அழிக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சியில்லை, கூடுகட்டப் பொந்தில்லை என்ற சாதாரணக் காரணங்களையே ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வந்த அறிக்கை, சென்னை போன்ற பெருநகரங்களில் குருவி குறைந்தாலும் நாடு முழுவதற்குமான தொகையில் பெரிய வீழ்ச்சி இல்லை என்றது.

கோபுரங்கள் பறவைகளைக் கொல்வது மட்டும் உண்மை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 68 இலட்சம் பறவைகள் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் மோதிச் சாகின்றன என்று 2012இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கொல்வது இழுகம்பிகளும், இரவில் அணையாது எரியும் விளக்குகளும். எமக்கு ஒரு மணிநேரத் தொலைவிலுள்ள கல்வெஸ்ரனில், 2017 மே மாதத்தில், புயலடித்த ஓரிரவு, 23 மாடிக் கட்டடமொன்றில் மோதி ஏறக்குறைய 400 பறவைகள் இறந்து கிடந்தன. மெக்சிக்கோ வளைகுடாவைக் கடந்து களைத்து வந்த வலசைப் பறவைகள் அவை. அதன்பிறகு வலசைக் காலத்தில் அந்தக் கட்டடத்தின் வெளிவிளக்குகளை அணைத்துவைக்க உரிமையாளர்கள் இணங்கினார்கள். அதற்கு ஒரு ரோபோவும் தேவைப்படவில்லை.

“படம்தானே, இதற்குப்போய் ஆய்வறிக்கையா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். காரணத்தைப் பிழையாகச் சொன்னால் குற்றவாளியும் மாறிவிடுகிறான் என்பதே என் கவலை. ஏரியை நிரப்பி வீடு கட்டியவனும், வயலுக்கு நஞ்சடிக்க வைத்தவனும், சதுப்பு நிலத்தைக் கூறுபோட்டு விற்றவனும் படத்துக்கு வெளியே தப்பிவிடுகிறார்கள். அகப்படுவது சட்டைப்பையில் தொலைபேசி வைத்திருக்கும் நீங்களும் நானும். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் ஒருவரும் குற்றவாளியில்லை. முடிவில், கதிர்வீச்சைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வசீகரன் ஆலோசனை சொல்கிறார். சர்வதேச வரம்பின் பத்தில் ஒரு பங்காக அதை இந்திய அரசு 2012இலேயே குறைத்துவிட்டது. ஓர் ஆள் தன்னுயிரைக் கொடுத்து முன்வைக்கும் கோரிக்கை, ஆறு வருடத்துக்கு முன் நிறைவேற்றப்பட்ட ஒன்று!

எம்மைப் போன்றவர்களை இதைவிட உறுத்தவேண்டிய விடயம் இன்னொன்று. படம் பட்சிராஜனைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது சரி, எடுத்த வழி பிழை என்கிறது. கோரிக்கை நியாயம், வழி தவறு: இந்த வாக்கியத்தை நாம் எத்தனை தலைநகரங்களில், எத்தனை மொழிகளில் கேட்டிருக்கிறோம்! இந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம். எமது வழிகளில் தவறே இல்லை என்று இந்தப் பக்கங்களில் எழுதும் ஒருவரும் வாதிடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லுகிறவரின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். படத்தில் மனுவைக் கிழித்த அமைச்சும், ஆபத்தென்று தானே தடைசெய்த ஆயுதத்தை மறுபடி எடுத்து இயக்கச் சம்மதிக்கும் அரசும் ஒன்றுதான். அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

உச்சக்கட்டத்தைப் பாருங்கள். பட்சிராஜனைப் பணியவைக்க என்ன செய்கிறார்கள்? சின்னஞ்சிறு ரோபோக்கள் புறாக்களின் முதுகில் ஏறி வந்து, அவற்றைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைக்காகச் செத்தவன் பறவைக்காகவே பணிகிறான். பாதுகாப்பின் பெயரில் அப்பாவிகள் பணயமாக்கப்படுகிறார்கள், அதைச் செய்பவன் கதாநாயகன். சிறுவர்களுக்கான குதூகலக் காட்சியாக இது படமாக்கப்பட்டிருக்கிறது. நான் கேட்ட அபிப்பிராயங்களில் இந்தக் காட்சி இரண்டு விதமாகவே வந்தது: குட்டி ரோபோக்கள் அழகு, அல்லது குட்டி ரோபோக்கள் சிறுபிள்ளைத்தனம். 2009ஐக் கடந்து வந்தவர்களும் இதைத் தாண்டி ஒன்றும் சொல்லவில்லை. களைத்துப்போய்ப் படம் பார்க்கப் போகிறவரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்டால், எதிர்பார்க்கலாம் என்பதே என் பதில். ரஜனியின் தலைமயிர் எந்தக் காட்சியில் மாறுகிறது என்பதைக் கவனித்தவர்கள்தானே!

பணம் பற்றியும் சொல்லவேண்டும். படத்தைத் தயாரித்தது லைக்கா. முல்லைத்தீவில் பிறந்து புலம்பெயர்ந்த சுபாஸ்கரன் அல்லிராஜாவின் நிறுவனம். அதன் தொலைபேசி வியாபாரம், ஊரோடு மலிவாகப் பேசத் துடித்த எங்களைப் போன்ற குடிபெயர்ந்தவர்களின் அழைப்புகளில் வளர்ந்தது. நள்ளிரவில் அட்டையைச் சுரண்டி, நீண்ட இலக்கங்களை அழுத்தி, மறுமுனையில் அம்மாவின் குரல் வருமுன் நிமிடங்கள் கரைவதை எண்ணிக்கொண்டிருந்த ஒரு தலைமுறையின் காசு தொலைபேசி வியாபாரங்களில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த மூலதனத்தில், தொலைபேசி வைத்திருப்பவனெல்லாம் கொலைகாரன் என்று சொல்லும் படம். இதை வெறும் பாசாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எவரையும் சுடாத குற்றச்சாட்டாக இருப்பதால்தான் தொலைபேசி முதலாளியால் அதற்குப் பணம் போட முடிந்தது. இந்திய செல்பேசி நிறுவனங்களின் சங்கம், படம் விஞ்ஞானத்துக்கு விரோதமானது என்று வெளியீட்டுக்குச் சற்று முன் முறைப்பாடு செய்தது. விளம்பரத்துக்கு உதவியதைத் தவிர அதனால் வேறெதுவும் நடக்கவில்லை.

லைக்கா பற்றிய அரசியல் சர்ச்சைகள் வாசகர்களுக்குப் பழையவை. 2014இல் ‘கத்தி’க்கு எழுந்த எதிர்ப்பு, ராஜபக்ச தரப்போடு தொடர்பு என்ற குற்றச்சாட்டு, நிறுவனத்தின் மறுப்பு. பிறகு 2017 மார்ச்சில், வவுனியாவில் லைக்காவின் ஞானம் அறக்கட்டளை கட்டிய 150 வீடுகளைக் கையளிக்க வருவதாக இருந்த ரஜனி, தமிழகத் தலைவர்கள் சிலர் எதிர்த்ததும் பயணத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்புச் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் அப்போது அறிக்கை மேல் அறிக்கை விட்ட தரப்புகள், அதே நிறுவனமும் அதே நடிகரும் சேர்ந்து தந்த படம் என்ன சொல்கிறது என்று பார்க்க முயன்றதாகத் தெரியவில்லை. தயாரிப்பாளரின் பெயரைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள், படத்தைப் பற்றி மூச்சும் விடமாட்டார்கள். எமது கலை விமர்சனம் நெடுங்காலமாக இப்படித்தான்.

பெரும் செலவில்லாமல் விஞ்ஞானப் புனைவு தமிழில் முடியாது என்றும் ஒரு வாதம் இங்கு அடிபட்டது. 1963இல் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் வந்து பானுமதியைப் பாட்டுக்காகக் கடத்திப் போனார்கள். அது சிரிப்புக்குரிய படமாக இருக்கலாம், ஆனால் அந்தக் கற்பனையில் ஒரு கிறுக்குத்தனமான அழகு உண்டு. 2015இல் ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ ஒரு காலயந்திரத்தையும் இரண்டு வேலையற்ற இளைஞர்களையும் வைத்துக்கொண்டு, ஒரு செயலுக்கு ஒரு விளைவு என்ற விதியைக் கடைசிவரை காப்பாற்றியது. ‘2.0’ முதல் அரைமணியிலேயே கைவிட்ட விதி அது.

பறவைகள் சாகும் மர்மம்தான் கதையென்றால், துணைக்கண்டத்திலேயே அப்படியொரு கதை இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் உணவுக்கு வரும் கழுகுகள் 1990களின் பிற்பகுதியோடு வராமல் போயின. அதே காலத்தில் இந்தியாவெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மறைந்தன, சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல். கிருமி என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். பாகிஸ்தானில் ஆராய்ந்தவர்கள் 2004இல் விடையை வெளியிட்டார்கள்: மாட்டுக்கு வலிநீக்கியாகப் போட்ட டைக்ளோபினக். அந்த மாடு செத்தால் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் இந்தியா அதன் கால்நடைப் பாவனையைத் தடைசெய்தது. மனிதர்களுக்கான அதே மருந்தைப் பெரிய போத்தல்களில் வாங்கி மாட்டுக்குப் போடுவது அதற்குப் பிறகும் நடந்தது. இதைப் படமாக்க ஒரு ஆய்வுகூடமும், ஒரு மிருக வைத்தியரும், ஊர்ப்புறத்துப் பிணக்காடும் போதும்.