அடுக்கைத் திறந்து காட்டுங்கள்!

ஒரே நடிகர், இரண்டு உருவம். ஒருவன் அரண்மனையில் கொழுத்த கொடுங்கோலன். மற்றவன் அரண்மனைக்கு வெளியே வளர்ந்தவன். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் தந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டு நின்றபோது தமிழகம் வியந்தது. வியந்தோரில் எத்தனை பேர், "இது எப்படி வந்தது?" என்று கேட்டனர்?

மந்திரமன்று, தோழர்களே! அந்நாளில் இரட்டை வேடக் காட்சிகள் பிறந்த வழி இது: லென்சின் ஒரு பாதியைக் கருப்பு அட்டையால் மறைத்து, நடிகரை ஒரு புறம் நிறுத்திப் படம் பிடிப்பர். பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, திறந்திருந்த பாதியை மறைத்து, மறைந்திருந்த பாதியைத் திறந்து, அவரையே வேறு உடையில் மறுபுறம் நிறுத்துவர். கேமரா மயிரிழை அசைந்தாலும் குட்டு வெளிப்படும். அடுக்கு நிழற்படக் கலை என்று இன்று கண்காட்சிகளில் போற்றப்படுவதன் உறவுமுறைதான் இது.

மன்னனுக்கும் மற்றவனுக்கும் ஒரே முகம் என்று காட்டியது அந்தச் சுருள். பிறப்பால் உயர்வு பேசுவோர்க்கு இதைவிடக் கூரிய விடை உண்டோ? ஆனால் கதை அஞ்சிவிட்டது! அரியணை ஏறும் நல்லவனும் அரசியின் வயிற்றில் பிறந்த இரட்டையனே. படச்சுருள் பேசிய புரட்சியைக் கதை விழுங்கிற்று என்பதே நம் தீர்ப்பு.

இதே வித்தை வேறு கையில் என்ன ஆயிற்று? அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பார், வாடிக்கையாளரின் பின்னே இறந்தோரின் ஆவி நிற்பதாகப் படமெடுத்துக் காசு பறித்தார். 1869-இல் நியூயார்க்கில் வழக்கு வந்தது. போகார்டஸ் என்னும் நிழற்படக்காரர், பார்னம் என்பாரை உட்கார வைத்து, அவர் பின்னே லிங்கனின் 'ஆவி'யைத் தம் கைத்திறனாலேயே வரவழைத்துக் காட்டினார். ஆயினும் சான்று போதவில்லையென மம்லர் விடுவிக்கப்பட்டார். அவருக்கு முன்பே, 1857-இல், ரைலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கி மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். விக்டோரியா அரசியார் ஒரு படி வாங்கினார். மறு ஆண்டே செய்முறையை இலண்டனில் அவையறிய விளக்கினார் ரைலாண்டர். மறைத்தவர் மம்லர், திறந்தவர் ரைலாண்டர்.

சேலம், நாமக்கல் ஊர்களில் அடுக்குப் படங்களை மாட்ட வேண்டும் என்கிறோம். கூடம் எங்கே என்பர். நம் படிப்பகங்களுக்குச் சுவர் இல்லையா? நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கனார் இல்லம் நூலகமாக விளங்குகிறது. அவர் தூரிகை பிடித்த ஓவியருமாவார். அவர் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு; தூரிகையோடு நமக்கு வழக்கில்லை.

எதை அடுக்குவது? 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது; ஊர்கள் மூழ்கின. நீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்திச் சிலையும் கிறித்தவக் கோயில் கோபுரமும் தலைகாட்டும். நீர் நிறைந்த படத்தின்மேல் நீர் வற்றிய படத்தை அடுக்கினால், நெல் விளைந்த கதையும் வீடிழந்தோர் கதையும் ஒரே சட்டத்துள் நிற்கும்.

ஒன்றாய் அமர்ந்து படமெடுக்க வாய்க்காத கணவன் மனைவியை, இறப்புக்குப் பின் இரு படங்களை ஒட்டி அருகருகே அமர்த்தித் தந்த ஸ்டுடியோக்காரரை நாம் பழிக்கமாட்டோம். அந்த வீட்டாருக்கு உண்மை தெரியும். தேர்தல் நாளில் தலைவரை அவர் போகாத கூட்டத்தில் நிறுத்திக் கைப்பேசியில் அனுப்புகிறானே, அவன் அனுப்பும் வீட்டாருக்குத் தெரியாது.

ஆகவே ஒரு நிபந்தனை. படத்தை மட்டும் மாட்டாதீர். அதன் அடுக்குகளைத் தனித்தனியே பக்கத்தில் மாட்டுங்கள். மாடர்ன் தியேட்டர்சின் படத்தளங்கள் மறைந்துவிட்டன. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. சேலத்துப் படிப்பகம் ஒன்றில் சின்னப்பாவின் இரட்டை உருவம் முதலில் ஏறட்டும். அதனருகே ஒரு பழைய கேமராவும் ஒரு கருப்பு அட்டையும் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் அட்டையை எடுத்து லென்சின் முன் தாங்களே பிடித்துப் பார்க்கட்டும்.