கரும்பும் கழுதை ஏரும்: அதியமான் குடும்பம் பற்றி ஒரு குறிப்பு

அப்பா எவ்வழியோ பிள்ளையும் அவ்வழி என்பதற்கு அதியமான்களைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது என்றுதான் தோன்றும். தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அவர்கள் ஊர். ஆனால் ஔவையாரின் மூன்று புறநானூற்றுப் பாடல்களைச் சேர்த்து வாசித்தால் விஷயம் அவ்வளவு நேரானதாக இல்லை.

99ஆம் பாட்டு நெடுமான் அஞ்சியைப் பற்றியது. அவனுடைய முன்னோர் தேவர்களைப் போற்றினார்கள், வேள்வியில் ஆவுதி கொடுத்தார்கள், கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறார். 392ஆம் பாட்டு மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. அங்கேயும் அதே கரும்பு வருகிறது. ஆவுதியைக் காணோம். விடியலில் வாசலில் நிற்பவனின் கந்தலைக் களைந்து புதுத்துணி உடுத்தி, தேறலும் சோறும் கொடுக்கும் கைதான் வருகிறது.

வழிபாடு விட்டுப்போய் ஈகை தங்கிவிட்டது என்று இதோடு முடித்துவிடலாமா? முடியாது. அதே பாட்டில் எழினி பகைவர் நிலத்தைக் கழுதை பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைக்கிறான். கரும்பு கொண்டுவந்தவர் பேரன் அடுத்தவன் நிலத்தைப் பாழாக்குகிறான்! 100ஆம் பாட்டு இன்னும் கடுமை. பிறந்த மகனைப் பார்க்க வந்த அஞ்சிக்குப் போரில் சிவந்த கண் அப்போதும் மாறவில்லை. குழந்தைக்குக் கிடைத்த முதல் பாடம் எது என்று யோசிச்சுப் பாருங்க.

ஔவையார் எதையும் மறைக்கவில்லை. ஆனால் "முன்னோர்" என்று வரும்போது கரும்பை மட்டும் எடுத்து நீட்டுகிறார். இதைப் புகழ்ச்சி என்று மட்டும் வாசிப்பது போதாது என்பது என் கருத்து. எந்த முன்னோரைப் பின்பற்ற வேண்டும் என்று மகனுக்கு நினைவூட்டுவதாகவும் அது இருக்கிறது. முன்மாதிரி ரத்தத்தில் தானாக இறங்குவதில்லை, யாராவது எடுத்துச் சொல்லணும்.

கல்வெட்டுகள் இதை இன்னும் விரிக்கின்றன. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகை உறைவிடத்தைக் கொடுத்ததைச் சொல்கிறது. சமண முனிவர்களுக்கு என்பதே பொதுவான கருத்து. ஆவுதி கொடுத்த குடும்பம் சமணருக்கும் கொடுத்திருக்கிறது.

பல நூற்றாண்டுகள் கழித்து, போளூர் பக்கத்துத் திருமலையில் விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர்த் தலைவன், தன் முன்னோன் எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்கள் சிதைந்திருப்பதைக் கண்டு செப்பனிடுகிறான். மணி கொடுக்கிறான், கால்வாய் வெட்டுகிறான். எடுத்துச் சொல்ல ஔவை அங்கே இல்லை. உடைந்த சிலையே சொல்லியிருக்கிறது.

பாலக்கோட்டில் இப்போதும் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு பிழைத்துக்கொண்டது. சிவந்த கண்ணும் பிழைத்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு வீடும்தான் பார்த்துக்கொள்ளணும்.